தட்டிப் பார்க்காத வீடு

“அந்தத் தேங்காய்க்கார வீடு இருக்கே, இந்த ஐப்பசியைத் தாண்டாது, பார்த்துக்கோ.”

இப்படி ஒரு குரல் சொன்னது. சொன்ன இடம் ஆற்றுப் படித்துறை. கேட்டவளோ அந்தத் தேங்காய்க்கார வீட்டுக்காரியேதான்.

கேட்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. தலைக்குச் சீயக்காய் தேய்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஆடி மாதத்து ஆறு இரைந்துகொண்டு ஓடியது. அந்த இரைச்சலில் எல்லார் குரலும் ஒரே குரல்தான். கண்ணைத் திறந்தால் எரியும். அவசர அவசரமாக மூன்று முறை முங்கி எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். படித்துறையில் ஒருவரும் இல்லை. ஈரக் காலடிகள் மட்டும் படியேறிப் போயிருந்தன. வெயில் அவற்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தது.

பெரியவர்களே, பிள்ளைகளே, கதை இந்த ஈரக் காலடியில்தான் தொடங்குகிறது. ஊருக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு யானை, யானைக்குத் தினம் பத்துத் தேங்காய் என்று இருந்த காலம். வெண்ணாங்கரை என்னும் ஊரில் கோயிலுக்கு எதிர்த் தெருவில் தேங்காய் வியாபாரம் செய்துவந்தான் உலகநாதன். அவன் மனைவி வெள்ளைத்தாய்.

மட்டை உரிப்பது உலகநாதன் வேலை. காய் தேர்ந்தெடுப்பது வெள்ளைத்தாய் வேலை. விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள். கணீர் என்றால் நல்ல காய். மொத்தென்றால் அழுகல். இரண்டும் இல்லாமல் ஓசை இழுத்தால் கீறல் விட்ட காய். அவள் தட்டி எடுத்துக் கொடுத்த காய், சாமி முன்னால் உடைத்தபோது ஒருநாளும் யாரையும் தலைகுனிய வைத்ததில்லை. ராஜாவின் யானைகூட அவள் கடைக் காயை நம்பித் தின்னும் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவள் அன்று ஈரத் தலையோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். இருபத்தைந்து வருஷம் குடியிருந்த வீட்டை, முதல்முறை பார்ப்பவள் மாதிரி பார்த்தாள்.

வாசல் கதவு ஒரு தள்ளில் மூடிக்கொள்ளவில்லை. இரண்டாவது தள்ளு வேண்டியிருந்தது. நேற்றும் அப்படித்தானா? அவளுக்கு நினைவில்லை. முற்றத்தைச் சுற்றி நின்ற ஆறு தூண்களில் ஒன்று கொஞ்சம் சாய்ந்தாற்போல இருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் நேராக இருந்தது. தேங்காய் அடுக்கும் பின்னறையில், உத்திரத்துக்கு நேர் கீழே, ஒரு சிட்டிகை மரத்தூள். அதே அறைச் சுவரில், தரையிலிருந்து மேலே ஏறி, தலைமுடி கனத்தில் ஒரு விரிசல்.

சந்தேகம் புகுந்த கண்ணுக்குச் சாமி சிலையும் கண்சிமிட்டும் என்பார்கள். ஆனால் மரத்தூளைக் கண் உண்டாக்குமா?

வெள்ளைத்தாயின் கண் திரும்பத் திரும்பப் போனது அந்தப் பின்னறைக்குத்தான். அவளுக்கு ஒரே மகள், சண்பகம். பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இப்போது அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? தேங்காயை எல்லாம் முன்கட்டுக்கு மாற்றிவிட்டு, அந்தப் பின்னறையில்தான் மகளுக்குப் படுக்கை போடுவதாக இருந்தாள். பிள்ளை பிறக்கும் மாதம், ஐப்பசி.

ஐப்பசியைத் தாண்டாது என்று அந்தக் குரல் சொன்னதும் இந்த வீட்டைத்தான்.

கணவனிடம் சொன்னாள். அவன் மட்டை உரித்துக்கொண்டே சிரித்தான்.

“சுவருன்னா விரிசல் இருக்கும். மனுஷன்னா நரை இருக்கும். இதுக்குப் போய் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கியே, ஏ வெள்ளை!”

“நரையால யாரும் செத்ததில்லை, அத்தான். சுவர் அப்படியில்லை.”

உலகநாதன் நல்லவன். ஆனால் கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்கிறவன். சற்று நேரம் கழித்து அவனே போய் ஓர் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

ஆசாரி வந்தார். வந்ததிலிருந்து அண்ணாந்தே பார்த்தார். வாசலில் அண்ணாந்தார், முற்றத்தில் அண்ணாந்தார், பின்னறையில் அண்ணாந்தார். கீழே கிடந்த உலக்கையில் காலை இடித்துக்கொண்டபோதும் அவர் குனியவில்லை.

“உத்திரம் உளுத்துப் போச்சு, தாயி. தூள் கொட்டுதுல்ல? உத்திரத்தை மாத்தணும். கூரையைத் தாங்குற கைமரத்தையும் மாத்தினா நல்லது.”

“சுவத்துல ஒரு விரிசல் இருக்கே?”

“அது கிடக்கு. சுவரு சும்மா நிக்கும்.”

அவர் போனதும், “உத்திரத்தை மாத்திருவோம்,” என்றான் உலகநாதன்.

இந்தச் செய்தி தெருமுனை தாண்டுவதற்குள் ஆவுடையப்பர் காதுக்குப் போய்விட்டது. ஆவுடையப்பர் தானிய வியாபாரி. ஊரிலே பெரிய மனிதர். “ஆசாரி மரத்தைத்தான் பார்ப்பான். நம்ம கொத்தனாரை அனுப்புறேன், அவன் சுவரையும் பார்ப்பான்,” என்று தாமாகவே சொல்லி அனுப்பினார்.

கொத்தனார் வந்தார். அவர் அண்ணாந்து பார்க்கவே இல்லை. சுவரோடு சுவராக நடந்தார். கரண்டியின் மரக் கைப்பிடியால் அங்கே இங்கே தட்டினார். தட்டிக்கொண்டே போனவர், ஆறு தூண்களையும் ஒன்று விடாமல் தட்டினார். அதன்பின் ஏணி கேட்டு வாங்கி, ஏறி, உத்திரத்தையும் தட்டினார். சுவர் பார்க்க வந்தவருக்கு உத்திரத்தில் என்ன வேலை என்று வெள்ளைத்தாய்க்குத் தோன்றியது. ஆனால் கேட்கவில்லை. தட்டிப் பார்க்கிறவரை அவளுக்குப் பிடிக்கும்.

“சுவரெல்லாம் போச்சு, தாயி. நாலு பக்கமும் இடிச்சுட்டுத்தான் கட்டணும். உத்திரமும் தாங்காது.”

அவர் போனதும், “இடிச்சுக் கட்டிருவோம்,” என்றான் உலகநாதன்.

மூன்றாம் நாள் ஆவுடையப்பரே வந்தார். முற்றத்தில் பாய் போட்டார்கள். உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்து, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இந்த வீட்டை நம்பியா பிள்ளைத்தாச்சிப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வரப் போறே, வெள்ளைத்தாயி? எனக்கும் பொம்பளைப் பிள்ளை இருக்கு. மனசு கேக்கல.” அதே துண்டால் கண்ணையும் ஒற்றிக்கொண்டார். “உத்திரத்தை மாத்தினா சுவர் விழும். சுவரை இடிச்சா உத்திரம் விழும். எதுக்கு இந்தப் பாடு? எங்கிட்டக் கொடுத்துரு. வீட்டுக்கு விலை கிடையாது, அதை இடிச்சுத் தள்ளிட்டு நெல்லுக் களஞ்சியம் போட்டுக்குவேன். மனைக்கு உள்ளதைத் தாரேன். ஊருக்கு வெளியே சின்னதா ஒரு வீடும் நானே பார்த்து வச்சிருக்கேன்.”

அவர் போனதும், “வித்திருவோம்,” என்றான் உலகநாதன்.

வரும் வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். அந்தக் காலத்தில் ஓலை எழுதுவதெல்லாம் பிறகுதான். நாலு பேர் முன்னால் வெற்றிலை பாக்கு கை மாறிவிட்டால் வீடு கை மாறியதற்குச் சமம். அதன்பின் ராஜாவே வந்தாலும் மாற்ற முடியாது.

வெள்ளைத்தாய் சோற்றைப் பிசைந்தபடியே கணக்குப் போட்டாள். வீடும் போய், கோயில் எதிரே இருக்கும் கடையும் போனால், ஊருக்கு வெளியே யார் தேங்காய் வாங்க வருவார்கள்? விற்காமல் இருந்தாலோ, மகள் தலையில் சுவர் விழும். ஆசாரி ஒன்று சொல்கிறார், கொத்தனார் ஒன்று சொல்கிறார், பெரிய மனிதர் ஒன்று சொல்கிறார். படித்துறையில் பேசியவள் யார்? அவளை யார் பேசச் சொன்னார்கள்? எல்லாரும் ஒரே பானையில் பொங்கித் தின்கிறவர்களா?

அவள் சந்தேகம் பின்பக்கம் திரும்பியது. பின்வீட்டில் பேச்சியம்மை இருந்தாள். மூன்று வருஷமாக இவர்களுக்குள் பேச்சு இல்லை. படித்துறையில் அப்படிச் சொல்லக்கூடிய நாக்கு இந்த ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது? தோசையைத் திருப்பிப் போட மறந்து வெள்ளைத்தாய் பின்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கணவனையும் பார்த்தாள். மூன்று நாளில் மூன்று பேச்சுப் பேசுகிற இந்த மனிதரை யார் எந்த மரத்தடியில் வைத்து என்ன சொன்னார்களோ! அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எண்ணம் போகவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஆவுடையப்பர் கடைக்கு வந்தார். மறுநாள் தாம்பூலத் தட்டில் வைக்க அவருக்குத் தேங்காய் வேண்டியிருந்தது.

முதல் காயை எடுத்தார். முட்டியால் மூன்று தட்டுத் தட்டினார். காதோரம் வைத்துக் குலுக்கினார். கீழே வைத்தார். இரண்டாவதை எடுத்தார். மூன்று தட்டு, ஒரு குலுக்கல். வைத்தார். இப்படி இருபது காயைத் தட்டி, இருபதைக் குலுக்கி, மூன்றே மூன்று காய் எடுத்தார்.

“ஐயா, அத்தனையும் நான் தட்டி எடுத்த காய்தான்,” என்றாள் வெள்ளைத்தாய்.

“நீ தட்டினது உன் காதுக்கு, தாயி. வாங்கறவன் தன் காதாலதான் கேக்கணும்,” என்று சிரித்துக்கொண்டே போனார்.

வெள்ளைத்தாய் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தேங்காய்க்கு மூன்று தட்டுத் தட்டுகிற மனிதர், முற்றத்தில் உட்கார்ந்து மோர் குடித்தாரே. சாய்ந்துகொண்ட தூணை ஒரு தட்டுத் தட்டினாரா? இல்லை. சுவரைத் தொட்டாரா? இல்லை. அண்ணாந்தாவது பார்த்தாரா? அதுவும் இல்லை.

தட்டாமல் வாங்குகிறவர் இரண்டே வகை. ஒன்று, முட்டாள். இல்லையென்றால், முன்னாலேயே தட்டிப் பார்த்தவர். ஆவுடையப்பர் முட்டாள் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. தெருக்காரர்கள் நாலு பேர் முற்றத்தில் கூடினார்கள். ஆவுடையப்பர் பித்தளைத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். வெற்றிலை, பாக்கு, மூன்று தேங்காய். உலகநாதன் கையை நீட்டப் போனான்.

தூணுக்குப் பின்னால் நின்ற வெள்ளைத்தாய் மெல்லச் சொன்னாள்:

“ஐயாவுக்கு ஒரு வேலை மிச்சம் பண்ணிட்டோம். மனைக்குத்தானே விலை? நாளைக்கே ஆளை விட்டு வீட்டைப் பிரிச்சுடறோம். உளுத்த தூணும் உத்திரமும் யாருக்கு வேணும்? பொடிப்பொடியா வெட்டி, கோயில் மடப்பள்ளிக்கு விறகாக் கொடுத்தாப் புண்ணியமாவது சேரும். உங்களுக்கு மனையைச் சுத்தமாத் துடைச்சுத் தந்துடறோம்.”

உலகநாதன் வாயைப் பிளந்தான். ஆவுடையப்பர் கையிலிருந்த பாக்கு கீழே உருண்டது.

“விறகுக்கா! எந்தப் புத்திகெட்டவன் அந்தத் தூணை விறகுக்கு வெட்டுவான்? ஆறும் வைரம் பாய்ஞ்ச தேக்கு! கோடாலி மழுங்கிப் போகும்! உத்திரம் இன்னும் மூணு தலைமுறை நிக்கும்! மேல ஒரு கை வச்சியானா…”

சொல்லி முடிக்கவில்லை. சுற்றி நின்ற நாலு பேரும் அவரையே பார்த்தார்கள்.

“ஐயா நம்ம வீட்டுத் தூணைத் தட்டினதே இல்லையே,” என்றாள் வெள்ளைத்தாய். “எப்படித் தெரிஞ்சுது?”

“கொத்தனார்…” என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டார் ஆவுடையப்பர்.

“அப்படியா? எங்ககிட்டே உத்திரம் தாங்காதுன்னுல்ல சொன்னாரு!”

கூட்டத்தில் ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். ஆவுடையப்பர் தம் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இளைய மகனுக்குத் தனிக்குடித்தனம் வைக்க அவர் ஆறு மாதமாக நல்ல தேக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றுமுதல் தேங்காய் வாங்க வேறு கடைக்குப் போனார். அங்கேயும் மூன்று தட்டுத்தான்.

வெள்ளைத்தாய் அன்றே ஏணியைச் சாத்தி ஏறினாள். உத்திரத்தைத் தட்டினாள். கணீர். தூணைத் தட்டினாள். கணீர். தூள் கொட்டியது, உத்திரத்தை ஒட்டியிருந்த பரணில் கிடந்த ஒரு பழைய பலகையிலிருந்து. வண்டு துளைத்த பலகை. அதைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். ஆசாரி அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏணி கேட்கவில்லையே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“பார்த்தியா? வீடு வைரம்! விக்கவும் வேண்டாம், இடிக்கவும் வேண்டாம்,” என்றான் உலகநாதன். ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மட்டை உரிக்கப் போய்விட்டான்.

இந்த இடத்தில் கதை முடிந்துவிட்டது என்று எழுந்திருக்கப் பார்க்கிறீர்களா? உட்காருங்கள். உலகநாதனும் அப்படித்தான் நினைத்தான்.

வெள்ளைத்தாய் நினைக்கவில்லை. ஆவுடையப்பர் பொய் சொன்னார், சரி. கொத்தனார் பொய் சொன்னார், சரி. சுவரில் இருந்த விரிசல் யாரிடம் கூலி வாங்கிக்கொண்டு பொய் சொல்லும்?

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் குழைத்து, விரிசலின் குறுக்கே மூன்று பொட்டு வைத்தாள். தலைக்கு மேலே ஒன்று, இடுப்பளவில் ஒன்று, தரையோரம் ஒன்று. மூன்று நாள் விட்டுப் போய்ப் பார்த்தாள். மேல்பொட்டு முழுசாக இருந்தது. நடுப்பொட்டு முழுசாக இருந்தது. கீழ்ப்பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது.

சுவரைத் தட்டினாள். மேலே கணீர். நடுவிலே கணீர். குனிந்து தரையோரம் தட்டினாள்.

மொத்.

அழுகல் காயின் சத்தம். இருபத்தைந்து வருஷத்தில் ஆயிரமாயிரம் முறை கேட்டு, ஓரமாக எறிந்த சத்தம். அது அவள் வீட்டுக்குள்ளிருந்து கேட்டது.

சுவரின் அடி ஊறிப் போயிருந்தது. உள்ளே தண்ணீர் இல்லை. அப்படியானால் வெளியிலிருந்துதான் வரவேண்டும். அந்தச் சுவருக்கு வெளியே ஒரு குறுகிய சந்து. சந்துக்கு வழி ஒன்றே ஒன்று, பேச்சியம்மை வீட்டு முற்றம்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தாள் வெள்ளைத்தாய். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். தெருவைச் சுற்றிக்கொண்டு பின்வீட்டுக்குப் போனாள். நடக்க நடக்க அவளுக்கு எல்லாம் தெளிவாகிக்கொண்டே வந்தது. மூன்று வருஷமாக, குடம் குடமாக, தன் வீட்டுச் சுவரடியில் தண்ணீர் ஊற்றுகிறாள் ஒருத்தி. ஊற்றிவிட்டுப் படித்துறையில் போய், ஐப்பசியைத் தாண்டாது என்று நாளும் குறிக்கிறாள்.

பேச்சியம்மை முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“வா மதினி. மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?”

“எங்க சுவத்துல தண்ணி ஊத்துறது யாரு?”

“என்னது?”

“ஒண்ணும் தெரியாதவ மாதிரி கேக்காதே. எங்க சுவரு அடியில ஊறிக் கிடக்கு. இந்தப் பக்கமா வராம அந்தச் சந்துக்குள்ள காக்காகூடப் போக முடியாது. யாரு ஊத்துறது?”

பேச்சியம்மை கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். சந்தின் வாயில் சாத்தியிருந்த தென்னந்தட்டியை நகர்த்தினாள்.

“நீயே பாரு.”

வெள்ளைத்தாய் பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாகத் தன் வீட்டின் முதுகைப் பார்த்தாள்.

சுவரோடு சுவராக, இடுப்பளவு உயரத்துக்கு, தேங்காய் மட்டை. மேலே புதியது, காய்ந்து பழுப்பாக. அதன் கீழே போன வருஷத்தது. அதற்கும் கீழே எந்த வருஷத்தது என்று தெரியாதபடி, கறுத்து, கூழாகி, நடுவில் வெள்ளை வெள்ளையாகக் காளான் பூத்து நின்றது. ஆவணி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைத்தாய் கையை விட்டு ஒரு மட்டையை உருவினாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. உருவிய இடத்தில், கரையான் மண்ணுக்கு நடுவே, செங்கல் ஒன்று ஈர வெல்லம்போல உதிர்ந்து கீழே விழுந்தது.

“நான் ஊத்தலை, மதினி,” என்றாள் பேச்சியம்மை. “வானம் ஊத்துது. உன் மட்டை குடிக்குது. மட்டை கிட்டேயிருந்து உன் சுவரு குடிக்குது.”

அந்த நேரம் பார்த்து, சுவரின் உச்சியிலிருந்த சாளரத்தின் வழியாக ஒரு மட்டை பறந்து வந்தது. வெள்ளைத்தாயின் தோளை உரசிக்கொண்டு குவியலில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. உள்ளே உலகநாதன் பாட்டின் இரண்டாம் அடியை எடுத்திருந்தான்.

“அத்தான்!” என்று கத்தினாள் வெள்ளைத்தாய்.

பாட்டு நின்றது. “ஏ வெள்ளை? நீ எங்கேயிருந்து கூப்பிடுதே?”

“நம்ம வீட்டுக்கு வெளியேயிருந்து!”

பேச்சியம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்துத் தீர்ந்தபிறகு சொன்னாள்:

“மூணு வருஷத்துக்கு முன்னே நான் என்ன சொன்னேன்? மட்டைக்குள்ள தேள் இருக்கு, அள்ளிப் போடுங்கன்னேன். நீ என்ன சொன்னே? உன் நாக்குல இருக்கிற தேளை விடவான்னு கேட்டே. அதுக்கப்புறம் நான் ஏன் வாயைத் திறக்கேன்?”

“படித்துறையில திறந்தியே.”

“ஆமா, திறந்தேன். நீ அங்கே இருந்தியா? எனக்குத் தெரியாது. எங்க சின்னம்மா மககிட்டச் சொன்னேன். பிள்ளைத்தாச்சிப் பொண்ணு வரப் போறாளே, அந்த வீடு இந்த ஐப்பசியைத் தாண்டாதேன்னு மனசு அடிச்சுக்கிட்டுது. சொன்னது பொய்யா?”

வெள்ளைத்தாய் அந்தச் சொல்லையும் தனக்குள் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். கணீர் என்றது.

ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டாள். ஆசாரியை, கொத்தனாரை, பெரிய மனிதரை, பின்வீட்டுக்காரியை, கட்டின புருஷனையும்கூட. தன் வீட்டு மட்டையை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. உரித்ததும் எறி, எறிந்ததும் மற. தேங்காய் வியாபாரிக்குக் காய்தான் கண்ணில் படும், மட்டை படாது. இதை அவள் பேச்சியம்மையிடம் சொல்லவில்லை. குனிந்து, கைகொள்ளும் மட்டும் மட்டையை அள்ளினாள். பேச்சியம்மை ஒரு கூடையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். தேள் இருக்கும், பார்த்து அள்ளு என்று மட்டும் சொன்னாள்.

மட்டை அள்ளி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. சுவர் காயப் புரட்டாசி முழுவதும் ஆயிற்று. பக்கத்து ஊர்க் கொத்தனார் ஒருவரைக் கூட்டி வந்து, உதிர்ந்த அடிவரிசைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, புதுக்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசச் சொன்னாள் வெள்ளைத்தாய். ஒவ்வொரு கல்லையும் அவளே தட்டித்தான் கொடுத்தாள். “இந்த அம்மா கல்லுக்குள்ள இளநீர் தேடுதாக!” என்று கொத்தனார் சலித்துக்கொண்டார். சாளரத்தில் நெருக்க நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள் அடித்தாயிற்று. காற்று வரும், வெளிச்சம் வரும், மட்டை மட்டும் போகாது. உலகநாதன் இரண்டொரு முறை பழக்கத்தில் எறிந்து பார்த்தான். மட்டை திரும்பி வந்து அவன் காலடியிலேயே விழுந்தது.

வீட்டை விற்கவில்லை. இடித்துக் கட்டவுமில்லை. அடியில் நாலு வரிசைக் கல், மேலே சாளரத்துக்குச் சட்டம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஐப்பசி பிறந்தது. சொல்லிவைத்ததுபோல அடைமழையும் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் பொழுது விடியும் வேளையில், அந்தப் பின்னறையில், சண்பகத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது.

கதை கேட்டவர்களே, வீட்டை விற்கத் துணியுமுன்னும் இடிக்கத் துணியுமுன்னும், பிறர் சொன்ன சொல்லையும் நாம் கொண்ட சந்தேகத்தையும் ஒன்றுபோலத் தட்டிப் பார்க்கவேண்டும்.

மழை சற்று வெறித்ததும் பேச்சியம்மை வந்தாள். தலையில் சாக்கு, கையில் பிள்ளை பெற்றவளுக்கு இடித்த மருந்து. பின்னறை வாசல்வரை வந்தவள், உள்ளே கால் வைக்காமல் நின்றாள். மருந்துக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சுவரோரம் குனிந்து, தரைக்கு ஒரு சாண் மேலே, விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்க் குழந்தையை வாங்கினாள்.